வெர்மான்ட்டில் குடித்தனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை கிடைத்தோ, படிக்கவோ, கல்யாணமாகியோ வெர்மான்ட்டுக்கு வருகிற தமிழர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சில கேள்விகள் ஊரிலிருந்து அப்பா அம்மா கேட்பவை. சுற்றுலாத் தகவல் வேறு இடங்களில் கொட்டிக் கிடக்கிறது. இங்கே இருப்பது ரோடு, வரி, விறகு, குப்பை.

வெர்மான்ட் எங்கே இருக்கிறது? எவ்வளவு சின்ன மாநிலம்?

அமெரிக்காவின் வடகிழக்கில், கனடாவின் கியூபெக் மாநிலத்துக்கு நேர் கீழே. மேற்கே சாம்ப்ளைன் ஏரி, கிழக்கே கனெக்டிகட் ஆறு, நடுவில் வடக்குத் தெற்காக கிரீன் மவுன்டன்ஸ் மலைத்தொடர். பரப்பளவு தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 6,43,077. சேலம் மாநகரில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். மிகப் பெரிய நகரமான பர்லிங்டனில் சுமார் 45,000 பேர், தலைநகர் மான்ட்பீலியரில் சுமார் 8,000 பேர். மாநிலம் முழுவதற்கும் தொலைபேசிக் குறியீடு ஒன்றே ஒன்று, 802. அதையே ஸ்டிக்கராக அடித்து வண்டியில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

1777 முதல் 1791 வரை இது தனிக் குடியரசாக இருந்தது. அந்தத் தனி நாட்டு நினைப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நம்மவர்கள் அங்கே எதற்குப் போகிறார்கள்?

பெரும்பாலும் எசெக்ஸ் ஜங்ஷனில் இருக்கிற சிப் தொழிற்சாலைக்காக. 1957-ல் ஐபிஎம் தொடங்கியது, 2015-ல் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் கைக்கு மாறியது. அடுத்தது பர்லிங்டனில் இருக்கிற வெர்மான்ட் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும். இந்த இரண்டையும் சுற்றியுள்ள சிட்டென்டன் கவுன்டியைத் தாண்டினால் மீதி மாநிலம் வேறு மாதிரி. இருபது நிமிடம் காரில் போனால் தார் ரோடு முடிந்துவிடும். வாடகை மலிவாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்காகத்தான் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி.

டவுன் மீட்டிங் என்கிறார்களே, நம் கிராம சபை மாதிரியா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட ஜிம்மிலோ டவுன் ஹாலிலோ ஊர்க்காரர்கள் கூடுகிறார்கள். மாநிலத்துக்கே அன்று விடுமுறை. மடக்கு நாற்காலிகள், ஈர பூட்ஸ், பின்னல் வேலையோடு வந்து உட்காரும் பாட்டிமார்கள். வித்தியாசம் பணத்தில் இருக்கிறது. கிராம சபையில் தீர்மானம் போடலாம், வரவு செலவைப் படிக்கக் கேட்கலாம், ஆனால் பெரிய ஒதுக்கீடு மேலேயிருந்து வரும். இங்கே வரும் வருடத்துக்கு ஊர் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதையே அந்த அறையில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். புது ரோடு கிரேடர் வாங்கலாமா, நூலகத்துக்கு எவ்வளவு, தீயணைப்புக் குழுவுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றும் ஒரு 'ஆர்ட்டிகிள்'. யார் வேண்டுமானாலும் எழுந்து "இதில் ஐயாயிரம் டாலரைக் குறையுங்கள்" என்று திருத்தம் கொண்டு வரலாம். கையைத் தூக்கியோ 'ஐ', 'நே' என்று சத்தம் கொடுத்தோ வாக்களிப்பார்கள். சந்தேகம் வந்தால் எண்ணுவார்கள்.

கூட்டத்தை நடத்துபவர் மாடரேட்டர். அன்றாட நிர்வாகம் செலக்ட்போர்டு என்ற குழுவிடம். கூட்டத்துக்கு 30 நாள் முன்பே என்னென்ன பேசப்போகிறோம் என்று அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தைக் கடைசியில் எழுப்பிப் பேசலாம், ஆனால் கட்டுப்படுத்துகிற முடிவு எடுக்க முடியாது. 1982-ல் 150-க்கும் மேற்பட்ட ஊர்கள் அணு ஆயுதங்களை மேலும் பெருக்காமல் நிறுத்து என்று தீர்மானம் போட்டன. அது உலகச் செய்தியானது. வழக்கமான வருடத்தில் லாரி டயர் விலைக்குத்தான் அதிக நேரம் போகும்.

கோவிட் சமயத்தில் நிறைய ஊர்கள் கூட்டத்தை விட்டு வாக்குச்சீட்டுக்கு மாறின. சிலது திரும்பி வரவே இல்லை. பகலில் வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எப்படி நான்கு மணி நேரம் உட்காருவது என்ற கேள்வி நியாயமானது. சீட்டு முறையில் வாக்கு கூடுகிறது, கேள்வி கேட்டுத் திருத்துவது போய்விடுகிறது. எனக்குக் கூட்டம்தான் பிடிக்கும், மதியச் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை. போகலாமா, ஓட்டுப் போடலாமா?

போகலாம். வாக்காளர் அல்லாதவர்கள் ஓரமாக உட்காரச் சொல்வார்கள். பேச வேண்டுமென்றால் கூட்டத்தின் அனுமதி கேட்க வேண்டும், பெரும்பாலும் தருவார்கள்.

ஓட்டு என்றால் பொதுவாகக் கிடையாது. மூன்று ஊர்கள் விதிவிலக்கு. மான்ட்பீலியரிலும் வினூஸ்கியிலும் 2021-லிருந்து, பர்லிங்டனில் 2023-லிருந்து, சட்டப்படி நிலையாக வசிக்கும் வெளிநாட்டவர் உள்ளூர் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆளுநர் வீட்டோ செய்தும் சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. உங்கள் விசா வகை இதில் வருமா என்பதை முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். உள்ளூர்ப் பட்டியல் வேறு, மாநில, தேசியத் தேர்தல் பட்டியல் வேறு. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது தெரியாமல் இரண்டாவதில் பெயர் ஏறிவிட்டால் கிரீன் கார்டுக்கே உலை வைத்துவிடும். படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள்.

ஊரில் 'வேலி பார்ப்பவர்' என்று ஒரு பதவி இருக்கிறதாமே?

இருக்கிறது. இரண்டு பண்ணைகளுக்கு நடுவே வேலித் தகராறு வந்தால் பார்த்துத் தீர்ப்பு சொல்ல டவுன் மூன்று பேரை நியமிக்கலாம். நிலக்கரி நிறுப்பவர், மரப்பலகை ஆய்வாளர் என்ற பதவிகளும் சட்டப் புத்தகத்தில் உண்டு. நிலக்கரி நிறுப்பவருக்கு இப்போது வேலை ஒன்றும் இல்லை, சில ஊர்களில் ஆள் மட்டும் நியமிக்கப்படுகிறார்.

வேலை உள்ள பதவிகளும் ஏராளம். டவுன் கிளார்க்கிடம்தான் நிலப் பத்திரம், பிறப்புச் சான்று, திருமண உரிமம், நாய் உரிமம் எல்லாம். நாய் வளர்த்தால் ஏப்ரல் 1-க்குள் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். சொத்து மதிப்பு போடுபவர்கள் லிஸ்டர்கள். 1923 ஆகஸ்ட் 3 அதிகாலை, பிளிமத் நாட்ச் கிராமத்தில் லீவு போட்டு வந்திருந்த துணை அதிபர் கால்வின் கூலிட்ஜுக்கு, அதிபர் ஹார்டிங் இறந்த செய்தி வந்தது. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் அவருடைய அப்பா. அந்த ஊர் நோட்டரி அவர்தான்.

ஆட்கள்தான் தட்டுப்பாடு. அமெரிக்காவில் சராசரி வயது அதிகமான மாநிலங்களில் வெர்மான்ட் ஒன்று. தீயணைப்பும் ஆம்புலன்ஸும் பல ஊர்களில் தன்னார்வலர்களை நம்பியே ஓடுகின்றன. புதிதாக ஒருவர் குடிவந்தால், பெயரைக் கேட்ட அடுத்த நிமிடமே எந்தக் கமிட்டிக்கு வருகிறீர்கள் என்று கேட்பார்கள்.

மட் சீசன் அவ்வளவு மோசமா? எங்கள் ஊர் மழைக்காலச் சேற்றைவிடவா?

மோசம்தான், காரணமும் வேறு. இந்த மாநிலத்தின் ரோடுகளில் பாதிக்கு மேல் மண் ரோடுகள். குளிர்காலத்தில் நிலம் மூன்று நான்கு அடி ஆழம் வரை உறைந்துவிடும். மார்ச் கடைசியில் வெயில் அடிக்கும்போது மேல்பகுதி உருகும், கீழே பனிக்கட்டி அப்படியே இருக்கும். உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. மேல்பகுதி கூழாகிவிடும். ஒரு வண்டி போன தடத்தில் அடுத்தது போய், முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழும். மண்ணுக்குள் இருக்கிற உறைபனி முழுவதும் விலகும் வரை, சில வாரங்கள், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஜல்லி கொட்டினால் அதையும் விழுங்கும்.

காலையில் உறைந்திருக்கும்போதே கிளம்பிவிடுங்கள், திரும்பி வருவதுதான் சிரமம். சேற்றுக்கு நடுவில் நிறுத்தாதீர்கள், ஒரே சீரான வேகத்தில் போங்கள். கூகுள் மேப் காட்டுகிற குறுக்கு வழியை நம்ப வேண்டாம். இந்த வாரங்களில் ஊர் நிர்வாகம் கனரக வண்டிகளுக்குத் தடை போடும், எனவே எரிவாயு, எண்ணெய், விறகு எதுவானாலும் பிப்ரவரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சில ரோடுகளுக்குப் பள்ளிப் பேருந்தும் வராது, பிள்ளைகளைத் தார் ரோடு வரைக்கும் கொண்டுவிட வேண்டும்.

வீடு பார்க்க வருபவர்களுக்கு ஒரு யோசனை: ஜூலையில் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முடியவில்லையென்றால் தபால் கொண்டு வருபவரைக் கேளுங்கள், அவருக்கு எல்லாம் தெரியும்.

நால்சக்கர இயக்கமுள்ள கார் கட்டாயமா?

நல்ல ஸ்னோ டயர் அதைவிட முக்கியம். நவம்பரில் போட்டு ஏப்ரலில் கழற்றுவார்கள்.

வீட்டைச் சூடாக்க என்ன செலவாகும்? விறகு அடுப்பு இன்னும் இருக்கிறதா?

நிறைய வீடுகளில் இருக்கிறது, அலங்காரத்துக்கு இல்லை. இயற்கை எரிவாயுக் குழாய் வடமேற்கு மூலையைத் தாண்டி அதிகம் இல்லாததால் மற்ற இடங்களில் ஹீட்டிங் ஆயில், புரொபேன் அல்லது விறகு. இப்போது ஹீட் பம்பும் பரவுகிறது. விறகை 'கார்டு' கணக்கில் விற்பார்கள். நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளம், மொத்தம் 128 கன அடி. விறகை மட்டுமே நம்பும் வீட்டுக்கு ஒரு குளிர்காலத்தில் நான்கைந்து கார்டு போய்விடும்.

பச்சை விறகு மலிவு, ஆனால் அதை எரித்தால் சூடு குறைவு, புகைபோக்கியில் தார் படிந்து தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. அடுத்த குளிர்காலத்து விறகை இந்த வசந்தத்திலேயே வாங்கி, பிளந்து, காற்றாட அடுக்கிவிட வேண்டும். அக்டோபரில் வாங்கப் போனால் காய்ந்த விறகுக்குச் சொன்ன விலைதான். வாங்க முடியாதவர்களுக்கு மாநில அரசின் எரிபொருள் உதவி உண்டு. சில ஊர்களில் தன்னார்வலர்கள் சேர்ந்து 'விறகு வங்கி' நடத்துகிறார்கள். கேட்டால் காரணம் கேட்காமல் தருவார்கள்.

சொத்து வரி பற்றி எல்லோரும் புலம்புகிறார்களே, ஏன்?

டவுன் மீட்டிங்கில் சத்தம் எழும் விஷயம் இதுதான். வரியில் இரண்டு பகுதி: ஊருக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று. கல்விப் பகுதிதான் பெரியது.

முன்பெல்லாம் ஒவ்வொரு ஊரும் தன் பள்ளிக்குத் தானே வரி போட்டுக்கொண்டது. பனிச்சறுக்கு விடுதிகளும் பங்களாக்களும் இருக்கிற ஊரில் குறைந்த வரியிலேயே பணம் கொட்டும். பக்கத்து ஏழை ஊரில் அதிக வரி கட்டியும் பள்ளி ஒழுகும். 1997-ல் பிரிகம் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே வருடம் வந்த 'ஆக்ட் 60' பணத்தை மாநில அளவில் ஒரே நிதியாகச் சேர்த்துப் பகிரச் செய்தது. நியாயமான ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கணக்கு அப்படிச் சிக்கலாகிவிட்டது. உங்கள் ஊர் பள்ளி பட்ஜெட்டைச் சுருக்கினாலும், மற்ற ஊர்கள் கூட்டினால் உங்கள் வரி ஏறலாம். கையைத் தூக்கி ஓட்டுப் போடுகிறவருக்கு எதற்கு ஓட்டுப் போடுகிறோம் என்பதே புரியாமல் போகிறது.

2024 மார்ச்சில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பள்ளி பட்ஜெட்களை ஊர்கள் நிராகரித்தன. ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு, தீர்ந்துபோன கோவிட் நிதி, குறைந்துகொண்டே வரும் பிள்ளைகள் எண்ணிக்கை என்று பல காரணங்கள். அப்படியும் அந்த வருடம் கல்வி வரி சராசரியாகப் பதினான்கு சதவீதம் அளவுக்கு ஏறியது. 2025-ல் 'ஆக்ட் 73' வந்தது. சின்னச் சின்ன பள்ளி மாவட்டங்களைச் சேர்த்துப் பெரிதாக்குவது அதன் திட்டம். சின்னப் பள்ளியை மூடினால் செலவு குறையலாம், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை மலை ரோட்டில் ஒரு மணி நேரம் பேருந்தில் உட்கார வேண்டும். எந்த ஊரும் தன் பள்ளியை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இந்தப் பெரிய கதையில் நீங்கள் மறக்கக் கூடாதது ஒரு சின்ன படிவம். சொந்த வீட்டில் குடியிருந்தால் ஒவ்வொரு ஏப்ரலிலும் வருமான வரியோடு 'ஹோம்ஸ்டெட்' அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் வரியில் கழிவும் கிடைக்கும். விட்டுவிட்டால் அபராதம்.

எங்கள் டவுனில் உயர்நிலைப் பள்ளியே இல்லையாம். பிள்ளை எங்கே படிப்பது?

இது குறை மாதிரி தோன்றும், பலருக்கு இது சலுகை. பள்ளி இல்லாத ஊர், பிள்ளை வேறு பள்ளியில் படிக்கக் கட்டணத்தைத் தானே கட்டும். 1869 முதல் உள்ள வழக்கம். செயின்ட் ஜான்ஸ்பரி அகாடமி போன்ற பழைய பள்ளிகளுக்கு இப்படித்தான் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பிள்ளைகள் போகிறார்கள். புதிய சட்டம் இந்த ஏற்பாட்டிலும் கை வைக்கிறது, எனவே வீடு வாங்குமுன் டவுன் கிளார்க்கிடம் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு ஏன் கிடைப்பதே இல்லை?

இருக்கிற வீடுகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்று, வருடத்தில் சில வாரம் வந்து போகிறவர்களுடையது. பாஸ்டன், நியூயார்க் பணத்தோடு வெர்மான்ட் சம்பளம் போட்டி போட முடியாது. கோவிட் சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று வந்தவர்கள் மிச்சம் மீதியையும் வாங்கினார்கள்.

இன்னொரு பக்கம், கட்டுவதும் கடினம். 1960-களில் விரைவுச்சாலைகள் வந்ததும் மலைகளில் விடுதிகள் கண்மூடித்தனமாக முளைத்தன, கழிவுநீர் ஓடையில் கலந்தது. அதைத் தடுக்க 1970-ல் ஆளுநர் டீன் டேவிஸ் காலத்தில் 'ஆக்ட் 250' வந்தது. பெரிய கட்டுமானத்துக்கு அனுமதி தரப் பத்து அளவுகோல்கள்: தண்ணீர், மண் அரிப்பு, போக்குவரத்து, பள்ளிகளின் சுமை, அழகு என்று. இந்த மலைகள் இன்னும் மலைகளாக இருப்பதற்கு அந்தச் சட்டம் ஒரு காரணம். ஊருக்கு நடுவில் இருபது குடியிருப்பு கட்டவும் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருந்ததற்கும் அதுவே காரணம். 2024-ல் ஊர் மையங்களுக்கு விதியைத் தளர்த்தினார்கள். அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு இழுத்தடிப்பது தனிக்கதை. வீடு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், என் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம் என்பதையும் சேர்த்து.

காலி நிலம் வாங்குகிறவர்கள் மண் தண்ணீரை உறிஞ்சுமா என்று சோதித்த அறிக்கையும் செப்டிக் அனுமதியும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத நிலத்தில் கூடாரம்தான் போடலாம்.

மலைப் பிரதேசத்தில் வெள்ளம் எப்படி வரும்?

மலை என்பதால்தான் வருகிறது. ஆலை ஓட்டத் தண்ணீர் வேண்டும் என்று பழைய ஊர்கள் எல்லாம் குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி அமைந்தன. ரோடும் ரயிலும் ஆற்றங்கரையிலேயே போகின்றன. வயலுக்கும் ரோட்டுக்கும் இடம் வேண்டி ஆறுகளை நேராக வெட்டினார்கள். கனமழை பெய்தால் சரிவு முழுவதிலிருந்தும் தண்ணீர் ஒரே நேரத்தில் இறங்கி, நிற்க இடமில்லாமல் ஊருக்குள் பாய்கிறது.

1927 நவம்பர் வெள்ளத்தில் 84 பேர் இறந்தார்கள், துணை ஆளுநர் ஹாலிஸ்டர் ஜாக்சனும் அதில் ஒருவர். 1,285 பாலங்கள் போயின. 2011 ஆகஸ்ட் 28-ல் ஐரீன் புயல் 13 ஊர்களை வெளியுலகத்திலிருந்தே துண்டித்தது. 2023 ஜூலை 10, 11 தேதிகளில் மான்ட்பீலியரின் கடைத்தெரு முழுவதும் மூழ்கியது, பேரி நகரமும் தப்பவில்லை. கடைகளைச் சுத்தம் செய்து திறந்து, சரியாக ஒரு வருடம் கழித்து 2024 ஜூலை 10 இரவு மறுபடியும் வெள்ளம், இம்முறை பிளெயின்ஃபீல்டு போன்ற சின்ன ஊர்கள் அடிவாங்கின.

ஐரீனுக்குப் பிறகு ரோட்டுக்கு அடியில் போகிற குழாய்களைப் பெரிதாக மாற்றிய இடங்கள் அடுத்தடுத்த வெள்ளத்தைத் தாங்கின. டவுன் மீட்டிங்கில் 'கல்வெர்ட்' என்ற சொல் இத்தனை முறை ஏன் வருகிறது என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில். திரும்பத் திரும்ப மூழ்கும் வீடுகளை மத்திய அரசு பணத்தில் வாங்கி இடித்து நிலத்தை ஆற்றுக்கே விடுகிறார்கள். அந்த ஊருக்கு வரி வருமானமும் அதோடு போகிறது. 2024-ல், பருவநிலை மாற்றச் சேதத்துக்குப் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும் என்று நாட்டிலேயே முதல் சட்டத்தை வெர்மான்ட் கொண்டு வந்தது. அது நீதிமன்றத்தில் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது: வெள்ள வரைபடத்தில் வீட்டைத் தேடிப் பாருங்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் வராது, அதற்குத் தனிப் பாலிசி.

பால் பண்ணைகள் நிறைய இருக்குமே?

இருந்தன. 1940-களில் 11,000-க்கு மேல், இப்போது 500-க்கும் குறைவு. மாடுகளின் எண்ணிக்கை அந்த வேகத்தில் குறையவில்லை. சின்னப் பண்ணை மூடி, பெரியது இன்னும் பெரிதாகிறது. பால் விலையை மத்திய அரசின் சூத்திரம் நிர்ணயிக்கிறது. தீவனமும் டீசலும் ஏறினாலும் விவசாயி விலையை ஏற்ற முடியாது. ஆர்கானிக் பால் காப்பாற்றும் என்றார்கள். 2021-ல் ஹொரைசன் ஆர்கானிக் என்ற பால் நிறுவனம் வடகிழக்கில் 89 பண்ணைகளிடம் வாங்குவதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. கறக்கும் வேலையைப் பெரும்பாலும் மெக்சிகோ, குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள் செய்கிறார்கள். அந்தச் சிவப்புக் கொட்டகையும் கறுப்பு வெள்ளை மாடும் இருக்கிற வாழ்த்து அட்டைகளில் அவர்களைப் பார்க்க முடியாது.

இதிலிருந்தே ஏரிப் பிரச்சினையும் கிளம்புகிறது. சாணத்திலும் உரத்திலும் இருக்கிற பாஸ்பரஸ் சாம்ப்ளைன் ஏரியில் சேர்ந்து, கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்கிறது. அப்போது கடற்கரை போல இருக்கிற குளியல் கரைகளை மூடிவிடுவார்கள். நாயையும் தண்ணீரில் விடாதீர்கள். டிசம்பர் 15 முதல் ஏப்ரல் 1 வரை வயலில் சாணம் தெளிக்கத் தடை, எனவே ஏப்ரலில் ஒரு வாரம் ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டியிருக்கும்.

மேப்பிள் சிரப் எப்படிச் செய்கிறார்கள்?

பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வதைப் பார்த்தவர்களுக்கு எளிதில் பிடிபடும். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, சுகர் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். அது கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரிதான் இருக்கும், சுமார் 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப். இப்போது வாளி அபூர்வம், மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய், வேக்குவம் பம்பு. அமெரிக்க உற்பத்தியில் ஏறக்குறைய பாதி இங்கிருந்து. நிறம் கூடக் கூட ருசியும் கூடும். நான் 'டார்க்' வகைதான் வாங்குவேன், தோசைக்கும் சரி. மார்ச்சில் காய்ச்சுகிற கொட்டகைக்குப் போனால் சூடான பாகைப் பனிமேல் ஊற்றி, ஊறுகாய் வெள்ளரியும் டோனட்டும் சேர்த்துத் தருவார்கள். ஊறுகாய் எதற்கு என்று கேட்காதீர்கள், சாப்பிட்டால் தெரியும்.

எங்கள் நிலத்தில் யாரோ துப்பாக்கியோடு நடக்கிறார்! போலீஸைக் கூப்பிடலாமா?

நவம்பர் என்றால் முதலில் ஆரஞ்சு சட்டை மாட்டிக்கொள்ளுங்கள். வேலியிடாத நிலத்தில் வேட்டையாடும் உரிமை 1777 அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. வேண்டாம் என்றால் எல்லையில் முறையாகப் பலகை வைத்து, வருடாவருடம் தேதி போட்டு, டவுன் கிளார்க்கிடம் சிறு கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். செய்யலாம், ஆனால் வந்த முதல் வருடமே செய்தால் ஊரில் பேச்சு வரும். பெரும்பாலானவர்கள் முன்கூட்டியே வந்து கதவைத் தட்டி அனுமதி கேட்பார்கள். மான் துப்பாக்கி சீசன் 16 நாள். பல வீடுகளில் குளிர்காலக் கறியே அதுதான். வேட்டையே பிடிக்காத எனக்கும், மான் பெருகினால் காட்டில் இளங்கன்று மிஞ்சாது என்பது புரிகிறது.

குப்பை வண்டி எந்தக் கிழமை வரும்?

பல ஊர்களில் வராது, நீங்கள்தான் எடுத்துப் போக வேண்டும். சனிக்கிழமை காலை, குப்பையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற 'டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷன்' திறந்திருக்கும், பைக்கு இவ்வளவு என்று கட்டணம். தேர்தலுக்கு நிற்பவர்கள் கைகுலுக்க வருவது அங்கேதான். 2020 ஜூலை முதல் உணவுக் கழிவைக் குப்பையில் போடுவது சட்டப்படி தடை, உரமாக்க வேண்டும். ஆனால் உரக்குழிக்குக் கரடி வரும். அதனால் வீட்டிலேயே உரமாக்குகிறவர்கள் எலும்பு, கறியை மட்டும் குப்பையில் போட விதிவிலக்கு உண்டு. பறவைகளுக்கு வைக்கும் தீவனப் பாத்திரத்தையும் வசந்தம் தொடங்கியதிலிருந்து டிசம்பர் வரை உள்ளே எடுத்து வையுங்கள். பாட்டில், கேன்களுக்கு ஐந்து சென்ட் திரும்பக் கிடைக்கும்.

ரோட்டோரம் விளம்பரப் பலகையே காணோமே?

1968-ல் தடை செய்துவிட்டார்கள். கடை எங்கே என்று காட்ட ஒரே அளவில் சின்னப் பலகை மட்டும். கட்அவுட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதல் வாரம் வெறிச்சென்று இருக்கும்.

இலை சிவக்கும் காலத்தில் ஊர்க்காரர்கள் கடுகடுப்பாக இருப்பது ஏன்?

இலை பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களின் பணம் வேண்டும், அந்தக் கூட்டம் தாங்காது. 2023-ல் பாம்ஃப்ரெட் என்ற சின்ன ஊரில், சமூக ஊடகத்தில் பிரபலமான ஒரு தனியார் பண்ணையைப் படமெடுக்க வந்தவர்கள் ரோட்டை அடைத்து, வேலி தாண்டி, புதரில் கழிவறை தேடியதில் ஊரே சேர்ந்து சில வாரங்களுக்கு அந்த ரோட்டை வெளியாட்களுக்கு மூடிவிட்டது. ஸ்மக்ளர்ஸ் நாட்ச் கணவாயில் எத்தனை எச்சரிக்கை வைத்தாலும் ஜிபிஎஸ்ஸை நம்பிப் பெரிய டிரெய்லர் லாரிகள் பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கின்றன. அபராதத்தை உயர்த்தியும் பார்த்தாயிற்று.

செல்போன் சிக்னல், இணையம்?

பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது, ஆஃப்லைன் மேப் வைத்துக்கொள்ளுங்கள். இணையம் முன்னேறியிருக்கிறது. தனியார் நிறுவனங்கள் மலைக்கு வர மறுத்ததால், 2008 டவுன் மீட்டிங்கில் கிழக்குப் பகுதியில் 20-க்கும் மேற்பட்ட ஊர்கள் ஒன்றுசேர்ந்து தாங்களே ஃபைபர் போட முடிவெடுத்தன. இப்போது மாநிலத்தின் மற்ற பகுதிகளிலும் அதே மாதிரிக் கூட்டமைப்புகள். மண் ரோட்டு வீட்டில் பர்லிங்டனைவிட வேகமான இணைப்பு இருப்பது இங்கே சகஜம்.

துவரம்பருப்பு, கோயில்?

2008 முதல் இங்கே குடியமர்த்தப்பட்ட, நேபாளி பேசும் பூட்டான் அகதிகள் பர்லிங்டன், வினூஸ்கி பக்கம் மளிகைக் கடைகள் வைத்திருக்கிறார்கள். பருப்பு, அரிசி, மசாலாவுக்குக் கவலையில்லை. முருங்கைக்காய், தமிழ்க் கடை, முருகன் கோயில் என்றால் மான்ட்ரியால். பர்லிங்டனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே ஈழத்தமிழர்கள் நிறைய. கிரீன் கார்டு இல்லையென்றால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா தேவை, திரும்பி வரும்போது உங்கள் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகவில்லையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவை எந்த மாதம் வரவழைப்பது?

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. மே மாதத்தில் கறுப்பு ஈக்கள் கடிக்கும், புல்லில் நடந்தால் உண்ணி ஏறும், லைம் காய்ச்சல் இங்கே சாதாரணமாக வருவது. நவம்பரில் இலையும் இல்லை, பனியும் இல்லை, நாலரைக்கு முன்பே இருட்டிவிடும். பனி பார்த்தே தீர வேண்டும் என்றால் பிப்ரவரி, ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்க நேரிடும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்ச், ஏப்ரல் வேண்டவே வேண்டாம். வருகிறவர்களுக்குப் பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.